காற்றைக் கணியாத கண்ணும் குறி தவறும்

குறி தவறாமல் சுடுவதற்கு ஒருவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்? கூரிய பார்வை வேண்டும். நடுங்காத கை வேண்டும். மூச்சை அடக்கத் தெரிய வேண்டும். பெரும்பாலோர் கூறும் விடை இதுதான். இதில் பிழையில்லை. ஆனால் இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த ஒருவர், நன்கு செய்யப்பட்ட துப்பாக்கியைக் கையில் ஏந்தி, இலக்கின் நடுப்புள்ளியை மிகச் சரியாகப் பார்த்துச் சுட்டும் கூட, குண்டு ஒரு சாண் தள்ளிப் போய் விழலாம். அவரைத் தோற்கடித்தது அவருடைய கண்ணும் அன்று, கையும் அன்று. கண்ணுக்குத் தெரியாத காற்றுதான்.

இங்கிலாந்தில் 1980களில் வேரூன்றி, பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிய ஒரு விளையாட்டு உண்டு. அதனை ‘ஃபீல்ட் டார்கெட்’ என்பர். திறந்த வெளியிலும் தோப்புகளுக்கு இடையிலும், முயல், காகம் போன்ற வடிவில் வெட்டிய இரும்புத் தகடுகளை நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வட்டத் துளை இருக்கும். குண்டு அத்துளையின் வழியே நுழைந்து பின்னாலுள்ள சிறு தகட்டைத் தாக்கினால் உருவம் கீழே சாயும். ஒரு புள்ளி கிடைக்கும். துளையின் விளிம்பில் பட்டால் ‘டங்’ என்ற ஓசை மட்டுமே மிச்சம். இலக்குகள் 8 கெஜம் முதல் 55 கெஜம் வரையிலான தூரங்களில் நிற்கும். துளையின் குறுக்களவு பெரும்பாலும் 40 மில்லிமீட்டர்; சிலவற்றில் அதனினும் சிறியது.

இனிக் கணக்கைப் பாருங்கள். 50 கெஜத் தொலைவில் துளையின் அகலம் 4 சென்டிமீட்டர். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகின்றது. இது புயலன்று, சிறு கொடியை விரித்துப் பிடிக்கும் காற்று, அவ்வளவே. ஆனால் அக்காற்று இவ்விளையாட்டில் பயன்படும் சிறு ஈயக் குண்டை ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் ஒதுக்கிவிடுகின்றது. அதாவது துளையின் அகலத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்! நடுவைப் பார்த்துச் சுட்டவர் துளையைத் தவறவிடுவது மட்டுமன்று. தகட்டையே தவறவிடவும் கூடும்.

அப்படியானால், காற்று இச்சிறு குண்டை இவ்வளவு தூரம் எவ்வாறு ஒதுக்குகின்றது? சுடுபவர் அதனை எவ்வாறு முன்கூட்டியே அறிவார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

காற்றால் இயங்கும் துப்பாக்கி

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். ‘ஏர் ரைபிள்’ என்று நாம் அழைக்கும் காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. அழுத்தி அடைக்கப்பட்ட காற்று திடீரென விடுபட்டுக் குண்டைக் குழலின் வழியே உந்தித் தள்ளுகின்றது. சிலவற்றில் வலிய சுருள்வில் ஒன்று அக்கணத்தில் காற்றை அழுத்துகின்றது. சிலவற்றில் முன்னரே நிரப்பி வைத்த கலத்திலிருந்து காற்று வருகின்றது.

இது சிறுவர் பொம்மையாகத் தோன்றிய கருவியன்று. ஆஸ்திரியப் பேரரசின் படை 1780ஆம் ஆண்டிலேயே ஜிரார்தோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. தோளில் பதியும் அடிப்பகுதியே அதற்குக் காற்றுக் கலமாக அமைந்திருந்தது. 1804 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து சென்ற லூயிஸ், கிளார்க் ஆகியோரின் பயணக் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியை உடன் கொண்டு சென்றது.

இன்று விளையாட்டுக்குப் பயன்படும் துப்பாக்கிகள் அவற்றைவிட ஆற்றல் குறைந்தவை. இங்கிலாந்தில் உரிமமின்றி வைத்திருக்கத்தக்க காற்று ரைபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூல் அளவுக்குள் இருக்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குறுக்களவும் அரை கிராமுக்குச் சற்றே மிகுந்த எடையும் கொண்ட ஒரு குண்டை, அத்தகைய துப்பாக்கி நொடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர் வேகத்தில் வெளியேற்றும். இக்கட்டுரையில் வரும் கணக்குகளுக்கெல்லாம் இக்குண்டையே அளவுகோலாகக் கொள்வோம். குண்டுக்குக் குண்டு எண்கள் சிறிது மாறும். ஆனால் அவை உணர்த்தும் உண்மை மாறாது.

அக்குண்டின் வடிவத்தையும் கவனியுங்கள். அது இடை சிறுத்த உடுக்கை போன்றது. தலை பருத்து, நடு ஒடுங்கி, பின்புறம் பாவாடை போல் விரிந்து உட்குழிவாக இருக்கும். பின்புறம் எடை குறைந்தும் அகன்றும் இருப்பதால், இறகுப்பந்தைப் போல் அது தலையை முன்னே வைத்தே பறக்கின்றது. ஆனால் இவ்வடிவத்துக்கு ஒரு விலை உண்டு. காற்றின் தடை அதனை மிகுதியாகப் பற்றி இழுக்கின்றது. 240 மீட்டர் வேகத்தில் புறப்பட்ட குண்டு 50 மீட்டரைக் கடக்கும்போது ஏறத்தாழ 173 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகின்றது. ஒரு நொடியில் கால் பங்கு நேரத்துக்குள் தன் வேகத்தில் கால் பங்குக்கும் மேல் இழந்துவிட்டது!

இந்த இழப்பை நன்றாக நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். காற்று குண்டை ஒதுக்குவதன் இரகசியம் இதிலேதான் அடங்கியிருக்கின்றது.

தள்ளுவதா, இழுப்பதா?

ஓடும் பந்தை ஒருவன் பக்கத்திலிருந்து உதைப்பதைப் போலக் காற்றும் குண்டைப் பக்கத்திலிருந்து தள்ளுகின்றது என்றே நாம் எண்ணுகின்றோம். உண்மை வேறு.

நீங்கள் இருசக்கர வாகனத்தில் வேகமாகச் செல்கிறீர்கள்; காற்று வலப்புறமிருந்து குறுக்கே வீசுகின்றது. அப்போது உங்கள் முகத்தில் காற்று எத்திசையிலிருந்து மோதுகின்றது? முழுக்க வலப்புறமிருந்து அன்று. முன்புறமிருந்து, சற்றே வலப்பக்கம் சாய்ந்து மோதுகின்றது. உங்கள் வேகத்தால் உண்டான எதிர்காற்றும் இயற்கையாக வீசும் காற்றும் கலந்து ஒரே காற்றாகின்றன.

குண்டுக்கும் இதுவே நேர்கின்றது. அதன் மீது மோதும் காற்று, நேர் முன்னாலிருந்து அல்லாமல், மிகச் சிறிய அளவு பக்கவாட்டில் சாய்ந்து வருகின்றது. காற்றின் தடை எப்போதும் அது வரும் திசையிலேயே குண்டை இழுக்கும். ஆகவே தடையின் பெரும்பங்கு குண்டைப் பின்னோக்கி இழுக்கின்றது. ஒரு சிறு பங்கு பக்கவாட்டில் இழுக்கின்றது. அச்சிறு பங்கே குண்டை ஒதுக்குகின்றது. தடையே இல்லாத ஒரு குண்டு இருக்குமாயின், பெருங்காற்றிலும் அது ஒரு மயிரிழையும் விலகாது.

காற்றின் தடை இவ்வளவு வலியது என்பதை உலகம் நெடுங்காலம் அறியவில்லை. ஈயமும் இரும்பும் கனமானவை, காற்றோ மெல்லியது, அது என்ன செய்துவிடும் என்று அறிஞர்களும் கருதினர். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அக்கருத்தைத் தகர்த்தது. அவர் கனத்த மரக்கட்டை ஒன்றை ஊசல் போலத் தொங்கவிட்டு அதன் மீது சுட்டார். கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்தார். அருகிலிருந்து சுட்டபோதும் தொலைவிலிருந்து சுட்டபோதும் கிடைத்த வேகங்களை ஒப்பிட்டார். குண்டு வழியில் இழக்கும் வேகம் அதுவரை எண்ணியதைவிட மிகமிக அதிகம் என்பது வெளிப்பட்டது. கணித மேதை ஆய்லர் அந்நூலை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார்.

இழந்த நேரமே கணக்கு

குண்டு எவ்வளவு ஒதுங்கும் என்பதைக் கணிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி திதியோன் என்பாரின் பெயரால் வழங்கும் எளிய விதி ஒன்று உண்டு. கணக்குப் பாடத்தைக் கண்டு அஞ்சுபவர்களும் அஞ்சத் தேவையில்லாத விதி அது.

தடையே இல்லாவிட்டால் குண்டு இலக்கை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? தடையோடு பறக்கும்போது உண்மையில் எவ்வளவு நேரம் ஆகின்றது? இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே குண்டு ‘இழந்த நேரம்’. அந்த இழந்த நேரத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். வருவதே விலகல்.

நமது குண்டு 50 மீட்டரைத் தடையின்றிக் கடந்தால் 0.208 நொடி ஆகும். உண்மையில் ஏறத்தாழ 0.246 நொடி ஆகின்றது. இழந்த நேரம் 0.038 நொடி. கண்ணிமைக்கும் நேரத்தைவிடவும் குறைவு. ஆனால் நொடிக்கு 1 மீட்டர், அதாவது மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று அந்த இழந்த நேரத்துக்குள் குண்டை 3.8 சென்டிமீட்டர் ஒதுக்கிவிடுகின்றது.

இதே குண்டு இதே காற்றில் 25 மீட்டரில் 0.9 சென்டிமீட்டரே விலகும். 50 மீட்டரில் 3.8 சென்டிமீட்டர். 100 மீட்டரிலோ ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்! தூரம் இரட்டித்தால் விலகலும் இரட்டிக்கும் என்று எண்ணினோம் அல்லவா? அது நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகுகின்றது. 25 மீட்டரில் நாணயத்தைத் துளைப்பவர் 100 மீட்டரில் தட்டைத் தவறவிடுவது இதனால்தான்.

வேகம் கூட்டினால் தப்பலாமா?

‘அப்படியானால் குண்டை இன்னும் வேகமாகச் செலுத்தினால் போதுமே, காற்றுக்கு நேரமே கிடைக்காதே’ என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் விடை அவர்கள் எதிர்பார்ப்பது அன்று.

அதே 16 ஜூல் ஆற்றலில் 1 கிராம் எடையுள்ள, 5.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய குண்டைச் செலுத்துவோம். அது நொடிக்கு 177 மீட்டர் வேகத்திலேதான் புறப்படும். 50 கெஜத்தைக் கடக்கச் சிறிய குண்டைவிட நெடுநேரம் எடுத்துக் கொள்ளும். ஆயினும் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்றில் அது விலகுவது ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். சிறியதோ 14 சென்டிமீட்டர் விலகியது. மெதுவாகச் சென்றது குறைவாக விலகுகின்றது! ஏன்? அது பறக்கும் நேரம் அதிகம். ஆனால் அது இழக்கும் நேரம் குறைவு. காற்று வசூலிப்பது இழந்த நேரத்துக்கு மட்டுமே. (மெதுவாகச் செல்வதால் அது கீழ்நோக்கி மிகுதியாக இறங்கும் என்பது வேறு செய்தி. அந்த இறக்கத்தைத் தூரத்தை அளந்து முன்கூட்டியே திருத்திக் கொள்ளலாம். காற்றைத்தான் அவ்வாறு திருத்த இயலாது.)

இன்னொரு சான்று. வெடிமருந்து கொண்ட 0.22 அங்குலச் சிறு தோட்டாக்களில், ஒலியின் வேகமாகிய நொடிக்கு 340 மீட்டரை மிஞ்சிச் செல்பவை உண்டு. அதற்குச் சற்றுக் கீழே செல்பவையும் உண்டு. போட்டியாளர்கள் தேர்ந்தெடுப்பது மெதுவானவற்றையே. ஒலியின் வேகத்தை நெருங்கும்போதும் அதைத் தாண்டும்போதும் காற்றின் தடை திடீரென ஏறுகின்றது, வேகமான தோட்டா அதிக நேரத்தை இழக்கின்றது, அதிகமாக விலகுகின்றது. காற்றுத் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அவ்வெல்லைக்கு அருகே கொண்டு செல்வோரும் இதே இழப்பைச் சந்திப்பர்.

எத்திசை? எவ்விடம்?

காற்றின் வேகம் ஒன்றே போதாது. அது வரும் கோணமும் வேண்டும். நேர் குறுக்கே வீசும் காற்றின் பாதிப்பை முழுமை என்று கொள்வோம். நேர் எதிரே வருவதும் பின்னாலிருந்து வருவதும் குண்டைப் பக்கவாட்டில் விலக்குவதில்லை. எதிர்காற்றிலிருந்து 45 பாகை சாய்ந்து வந்தால் பாதிப்பு 70 விழுக்காடு. 30 பாகை மட்டுமே சாய்ந்து வந்தாலோ? மூன்றில் ஒரு பங்கு என்று மனம் கூறும், உண்மையில் சரிபாதி. ‘காற்று கிட்டத்தட்ட எதிரேதான் வருகின்றது, கவலையில்லை’ என்று சுடுபவர் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

அடுத்து, எவ்விடத்துக் காற்று முக்கியம்? இலக்கின் அருகே மரக்கிளை ஆடுவதைக் கண்டு பலரும் அதையே கணக்கில் கொள்வர். ஆனால் துப்பாக்கிக் குழலின் வாயருகே குண்டின் பாதை சிறிது திரும்பிவிட்டால், எஞ்சிய தூரம் முழுவதும் அத்திருப்பம் வளர்ந்துகொண்டே போகும். 50 மீட்டர் தூரத்தில் முதல் 25 மீட்டரில் மட்டும் காற்று வீசினால், மொத்த விலகலில் ஏறத்தாழ முக்காற்பங்கு உண்டாகிவிடும். பின்பாதியில் மட்டும் வீசினால் கால் பங்குக்குச் சற்றே கூடுதல்தான். ஆகவே தேர்ந்தவர்கள் தொலைவிலுள்ள மரத்தைப் பார்ப்பதற்கு முன் தம் அருகிலுள்ள புல்லைப் பார்க்கின்றனர்.

விலகல் பக்கவாட்டில் மட்டும் நிகழ்வதில்லை. குழலின் உட்புறம் திருகாக வெட்டப்பட்ட வரிகள் குண்டைப் பம்பரம் போல் சுழற்றுகின்றன. சுழலும் பம்பரத்தை ஓரத்தில் தட்டிப் பாருங்கள். அது தட்டிய பக்கம் சாயாமல் அதற்குக் குறுக்கான பக்கம் சாயும். அதேபோல், சுழன்று செல்லும் குண்டைக் குறுக்குக் காற்று பக்கவாட்டில் ஒதுக்குவதோடு சற்றே மேலோ கீழோ நகர்த்தும். இலக்குத் தாளில் துளைகள் சாய்ந்த கோடாக விழுந்திருப்பதைக் கண்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாததைப் படித்தல்

காற்றைக் காண இயலாது. ஆனால் அது தொட்டதைக் காணலாம். பிரிட்டிஷ் கடற்படையின் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த காற்று அளவையோடு பின்னாளில் நிலத்து அடையாளங்களும் சேர்க்கப்பட்டன. புகை மட்டும் சாய்ந்து செல்ல, காற்று முகத்தில் படாதிருந்தால் மணிக்கு 1 முதல் 5 கிலோமீட்டர். முகத்தில் பட்டு இலைகள் சலசலத்தால் 6 முதல் 11. இலைகளும் சிறு கொம்புகளும் ஓயாமல் அசைந்து, மெல்லிய கொடி விரிந்தால் 12 முதல் 19. புழுதியும் காகிதத் துண்டும் எழும்பினால் 20க்கு மேல்.

இவ்வளவையை நமது கணக்கோடு பொருத்திப் பாருங்கள். மணிக்கு 3.6 கிலோமீட்டர் என்பது முதல் படியிலேயே அடங்கிவிடுகின்றது. முகத்துக்குத் தெரியாத காற்று! அதுவே 50 கெஜத்தில் குண்டை 3 சென்டிமீட்டருக்கு மேல் ஒதுக்குகின்றது. துளையின் நடுவிலிருந்து விளிம்புக்குள்ள தூரமோ 2 சென்டிமீட்டர். உங்கள் தோல் உணராத காற்றே உங்களைத் தோற்கடிக்கப் போதுமானது. எனவேதான் இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் குழலின் முனையருகே மெல்லிய நூலையோ சிறு இறகையோ கட்டித் தொங்கவிடுகின்றனர். தொலைநோக்கி வழியே தெரியும் கானல் அலைகளையும் கவனிக்கின்றனர். வெயில் நேரத்தில் அவ்வலைகள் நேர் மேலே எழுந்தால் குறுக்குக் காற்று இல்லை. ஒரு பக்கம் ஓடினால் காற்றும் அப்பக்கம் ஓடுகின்றது. மரங்களுக்கு இடையிலுள்ள சந்தில் காற்று வேறு. திறந்த வெளியில் வேறு. தரையோடு ஒட்டிய இடத்தில் அது குறைவு. ஒரே பாதையில் மூன்று காற்றுகள் இருக்கக்கூடும்.

காற்றை அறிந்து எய்யும் கலை புதியதன்று. நம் முன்னோர் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயரிட்டு அறிந்ததைப் போல, இஸ்தான்புல் நகரின் வில்லாளிகளும் காற்றுகளைப் பெயரிட்டு அறிந்திருந்தனர். அம்பெய்தலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள் என்பதனால் உஸ்மானியர் அக்கலையைப் பெரிதும் போற்றினர். 1453இல் அந்நகரை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மத் அம்பெய்வோருக்கென ஒரு பெருவெளியை ஒதுக்கினார். அது ‘ஓக் மெய்தானி’ எனப்பட்டது. ‘ஓக்’ என்றால் துருக்கியில் அம்பு. ‘மெய்தான்’ நாம் வழங்கும் மைதானமேதான். அங்கே நெடுந்தூரம் எய்வதற்கு ஒரே தடம் அமைக்கவில்லை. வடகிழக்குக் காற்றுக்கு ஒன்று, தென்மேற்குக் காற்றுக்கு ஒன்று என வீசும் காற்றுக்கேற்பத் தடங்கள் வகுத்திருந்தனர். சாதனை படைத்தோரின் அம்பு விழுந்த இடங்களில் கற்றூண்கள் நாட்டினர். அவற்றுட் சில இன்றும் நிற்கின்றன.

அரங்கினுள்ளும் வெளியிலும்

ஒலிம்பிக் போட்டிகளில் காற்று ரைபிள் 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இடம்பெற்றது. தூரம் 10 மீட்டர் மட்டுமே. 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்றது இப்போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் பங்கேற்றதும் இதே போட்டியில்தான்.

இப்போட்டி கூரையும் சுவரும் கொண்ட அரங்கினுள்ளேயே நடக்க வேண்டும் என்பது விதி. 10 மீட்டரில் காற்று என்ன செய்துவிடும் என்கிறீர்களா? இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர்! நொடிக்கு 1 மீட்டர் காற்றே குண்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலக்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் என்பது 0.4 புள்ளி. 0.1 புள்ளியில் பதக்கம் கைமாறும் போட்டியில் அது பெரும் இழப்பு.

50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெடிமருந்துள்ள 0.22 அங்குலத் தோட்டாவைப் பயன்படுத்துவர். அதற்குரிய தளங்களில் பெரும்பகுதி வானம் பார்த்த வெளியாகவே இருக்கும். அங்கே சுடுபவர் காணும்படி 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சிறு துணிக்கொடிகள் கட்டப்படுகின்றன. கடைசியில் அன்று, முன்பாதியிலேயே ஒரு கொடி! காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஸ்வப்னில் குசாலே இந்தியாவுக்கு வெண்கலம் ஈட்டித் தந்தது 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில்.

வெளியில் சுடுபவருக்கு வழிகள் இரண்டு. ஒன்று, காற்றின் அளவுக்கேற்ப இலக்கிலிருந்து தள்ளிக் குறிபார்த்துச் சுடுவது. மற்றொன்று, கொடி எந்த நிலையில் இருந்தபோது குண்டு நடுவில் விழுந்ததோ அதே நிலைக்குக் கொடி திரும்பும் வரை காத்திருந்து சுடுவது. முன்னதற்குக் கணக்கு வேண்டும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். தேர்ந்தவர்களிடம் இரண்டும் உண்டு. புதியவரோ கொடியைப் பார்த்துக் குறியைத் திருத்துவார். திருத்தி முடிப்பதற்குள் காற்று மாறியிருக்கும். பழைய காற்றுக்குரிய திருத்தத்தோடு புதிய காற்றில் சுட்டுவிடுவார். குறிபார்த்த பின்னும் ஒருமுறை கொடியைப் பார். மாறியிருந்தால் துப்பாக்கியைத் தாழ்த்து என்பதே பயிற்சியாளர்கள் கற்பிக்கும் பாடம்.

சுடாதிருக்கும் நேரம்

இதுவரை இரும்புத் தகட்டையும் காகித இலக்கையும் பற்றிப் பேசினோம். அவற்றைத் தவறவிட்டால் இழப்பது ஒரு புள்ளிதான். ஆனால் காற்று ரைபிளை உயிர்களின் மீது திருப்புவோரும் உலகில் உண்டு. இங்கிலாந்தின் பண்ணைகளில் எலியையும் முயலையும் கட்டுப்படுத்த அதனைச் சட்டப்படியே பயன்படுத்துகின்றனர். அவ்வுயிர் வேதனையின்றி உடனே மடிய வேண்டுமாயின் குண்டு தலையில் ஒரு நாணய அளவுள்ள இடத்தில் பட வேண்டும். மெல்லிய காற்றுக்கே 3 சென்டிமீட்டர் விலகும் குண்டு அவ்விடத்தை விட்டுத் தாடையிலோ வயிற்றிலோ பாய்ந்தால் என்ன ஆகும்? அது ஓடி மறைந்து, நாட்கணக்கில் துடித்து மடியும். அதனால்தான் பொறுப்புள்ளோர் காற்றுள்ள நாளில் தூரத்தைப் பாதியாகக் குறைத்து அருகே செல்கின்றனர். அருகே செல்ல இயலாவிட்டால் சுடாமலே திரும்புகின்றனர். தூரத்தைப் பாதியாக்கினால் விலகல் கால் பங்குக்கும் கீழே இறங்கும் என்ற கணக்கு இங்கே கருணையின் கணக்காகின்றது.

நம் நாட்டிலோ நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர்களை வேட்டையாடுவதைத் தடுக்கின்றது. ஆயினும் ஏர் கன் கையில் கிடைத்ததும் மரத்திலுள்ள பறவையைத் தேடும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. அருணாசலப் பிரதேசத்தில் பறவைகள் அருகி வருவதைக் கண்டு, 2021இல் ஏர் கன்களை மக்களே முன்வந்து ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. ஊர் ஊராக மக்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். உயிருள்ள ஒன்றைக் குறிபார்த்துப் பழகும் இலக்காக ஆக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது பெற்றோர் கடமை.

பெற்றோருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இலக்கைத் தவறவிட்ட குண்டு அங்கேயே நின்றுவிடுவதில்லை. 100 மீட்டர் கடந்தும் அது நொடிக்கு 100 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கின்றது; ஒரு கண்ணைப் பறிக்க அதில் ஒரு பகுதியே போதும். காற்று குண்டை எங்கே கொண்டு செல்லும் என்று அறியாதவன், இலக்குக்குப் பின்னாலும் பக்கங்களிலும் யார் நிற்கிறார் என்பதையும் அறியாமல் சுடுகின்றான். உங்கள் மகனோ மகளோ இவ்விளையாட்டில் ஆர்வம் கொண்டால் தடுக்க வேண்டாம். முறையான பயிற்சிக் கழகத்தில், பயிற்சியாளரின் மேற்பார்வையில், பின்சுவருள்ள தளத்தில் சேர்த்துவிடுங்கள். மொட்டை மாடியும் தெருமுனையும் அதற்குரிய இடங்கள் அல்ல.

துப்பாக்கி எதுவுமின்றியும் நீங்கள் இப்பாடத்தைத் தொடங்கலாம். நாளைக் காலை வாசலில் நின்று பாருங்கள். சாம்பிராணிப் புகை எப்பக்கம் சாய்கின்றது? முற்றத்து வேம்பின் இலை அசைகின்றதா, கொம்பும் அசைகின்றதா? எதிர் வீட்டுக் கொடியில் உலரும் துணி எக்கோணத்தில் பறக்கின்றது? உங்கள் முகத்தில் ஒன்றும் படாத நேரத்திலும் புகை நகர்வதைக் காண்பீர்கள். அந்நகர்வு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் இருக்கும் என்று பிள்ளைகளைக் கணிக்கச் சொல்லுங்கள். பின்னர் அதே காற்று 50 மீட்டர் தொலைவில் ஒரு குண்டை எத்தனை விரற்கடை ஒதுக்கும் என்று கணக்கிட்டுக் காட்டுங்கள்.